ஒரு வட்டம் பார்த்த கண்

சேச்சி ஒரு பூனைக்கு இரண்டு பாயின்ட் கொடுத்தவர். சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று வரிசையாக நிறுத்தியிருந்த ஐந்து இரும்புக் கோழிகளில் இரண்டைப் பூனை ஒன்று தட்டிவிட்டு ஓடியது. சுட வேண்டியவர் துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தார், விசையைத் தொடவில்லை. கோழி விழுந்தால் பாயின்ட் என்பது விதி, கோழி விழுந்திருக்கிறது, அப்போது பாயின்ட் எனக்குத்தானே என்று அவர் வாதம் பிடித்தார். சேச்சி அவரைப் பத்து நிமிடம் பேசவிட்டார். பிறகு, "செரி, பாயின்ட் உண்டு. ஆரு தட்டுனதோ அவங்களுக்கு. எழுதுங்க, பூச்சைக்கு ரெண்டு" என்றார். எழுதுகிறவரும் மறுபேச்சில்லாமல் எழுதினார். கிளப் நோட்டில் மலையாளத்தில் 'பூச்ச – 2' என்று அது இன்னும் கிடக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியில் சுடுவது தாளில் அச்சடித்த கறுப்பு வளையத்தை அல்ல. கோழி, பன்றி, வான்கோழி, ஆட்டுக்கடா என்று நான்கு உருவங்கள். இரும்புத் தகட்டில் வெட்டி, ஒரு பலகை மேல் நிறுத்தியிருப்பார்கள். ஏர் ரைஃபிளுக்கு உள்ளவை சின்னவை, கைக்குள் அடங்கிவிடும். கோழி கிட்டத்தில், கடா கடைசியில். இடமிருந்து வலமாக, ஒன்றுக்கு ஒரு குண்டு. விழுந்தால் ஒரு பாயின்ட். பட்டால் போதாது, ஆடினால் போதாது, விழ வேண்டும். இவ்வளவுதான் விதி. இந்த நாலு வரி விதியை வைத்துக்கொண்டு வயது வந்த ஆண்கள் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும் என்பதை ஞாயிறுதோறும் பார்த்திருக்கிறேன்.

இடம், கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் காலியாகக் கிடந்த ஒரு பழைய அரிசிக் குடோன். நீளமானது. கடைசிப் பாதிக்குப் பலகைத் தரை. பக்கத்துக் குடோனில் சுக்கு தரம் பிரிப்பார்கள். முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து பெரியது, சிறியது, வண்டு தின்றது என்று பிரித்துத் தள்ளுவார்கள். வரிசையின் கடைசியில் சேச்சி உட்கார்ந்திருப்பார். எல்லார் கூடையும் அவர் கையைத் தாண்டித்தான் மூட்டைக்குப் போகும். அவர் கூடப்பிறந்த தங்கையும் அந்த வரிசையில் இருந்தாள். அவள் கூடைதான் மற்றவர்கள் கூடையைவிட அதிகம் திரும்பி வரும். தங்கை ஒருநாள் எல்லார் முன்னாலும் அழுதேவிட்டாளாம். "அழுதா வண்டு போகுமாடீ?" என்று சேச்சி கேட்டாராம்.

முதன்முதலில் அவர் எங்கள் கிளப்புக்கு வந்தது சண்டைக்கு. இரும்பில் குண்டு படுகிற சத்தத்தில் பெண்களுக்குக் கவனம் சிதறுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கிற இடம், கொஞ்சம் பொறுப்பு வேண்டாமா என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்த நேரத்தில் உள்ளே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பன்றி விழுந்தது என்று ஒரு கட்சி, விழவில்லை என்று ஒரு கட்சி. கிளப்பில் பாதிப் பேர் பன்றி என்று வாயால் சொல்லத் தயங்கும் முஸ்லிம்கள் என்பதால் அதற்கு எங்கள் பெயர் 'தடியன்'. சேச்சி அந்தத் திசையில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆ தடியன் விழல்ல. திரும்பி நிக்குது" என்றார்.

போய்ப் பார்த்தோம். தகடு குண்டு பட்டுத் திரும்பி, விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் நிற்கும் தகடு தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது, விழுந்துவிட்டது என்றுதான் தோன்றும். அதை வாசலில் நின்று வெறுங்கண்ணால் பார்த்த பெண்பிள்ளையை விடக் கூடாது என்று செக்ரட்டரி முடிவு செய்தார். அடுத்த வாரம் முதல் தூரக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நாற்காலி சேச்சிக்கு. அவர் சொல்லச் சொல்ல, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதுவார். விழுந்தால் பெருக்கல் குறி, விழாவிட்டால் சுழி. கடைசியில் சேச்சி கையெழுத்துப் போடுவார். துப்பாக்கியை ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. "எடுத்தா எனக்கும் ஆசை வரும். பின்னே கண்ணு கேடாகும்" என்பார்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. எல்லாருக்கும் சேச்சி, எனக்கும் சேச்சி.

சொன்னதை மாற்றமாட்டார். அதுதான் அவர். கலூரிலிருந்து காரில் வரும் ஒருவர் இருந்தார். வெளிநாட்டுத் துப்பாக்கி, தோல் உறை, கையுறை எல்லாம் உண்டு. தன் ஒவ்வொரு சுற்றையும் போனில் படம் பிடிப்பார். ஒருமுறை வான்கோழி ஒன்று அடி வாங்கி, ஆடி, திரும்பவும் நிலைத்து நின்றுவிட்டது. சேச்சி "இல்லா" என்றார். கலூர்க்காரர் போனைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். பாருங்கள், குண்டு பட்ட கறை தெரிகிறது, பலகைதான் சமமில்லை, வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் இது பாயின்ட் என்றார்.

சேச்சி போனைப் பார்க்கவில்லை. சாயாவைக் குடித்து முடித்தார். "பட்டது பட்டது. விழுந்தது விழுந்தது. ரெண்டும் ரெண்டாக்கும்" என்றார்.

"ஒரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று அவர் கேட்டார்.

"கண்ணு ஒரு வட்டந்தான் பாக்கும். ரெண்டாமத்த வட்டம் பாக்குறது மனசு. எனக்கு உங்க மேல கோவம், அதனால மனசு இல்லாதத காட்டும். உங்களுக்கு ஆசை, அது உள்ளதையே மாத்திக் காட்டும். எதுக்கு வம்பு? விளிச்சது விளிச்சதுதான்."

வட்டம் என்றால் தடவை, விளிச்சது என்றால் கூவிச் சொன்னது. வாயால் சொன்னது சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சில்லை. இந்த வாக்கியத்தை அவர் எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பார் என்பதற்கு அளவில்லை. அவரைக் கிளப்புக்குக் கொண்டுவந்த செக்ரட்டரியே ஒருநாள் வரிசை தப்பிப் பக்கத்துக் கோழியைச் சுட்டார். அழகாக விழுந்தது. தப்பான கோழிக்கும் சுழி, சுட மறந்த கோழிக்கும் சுழி என்று இரண்டு சுழி வாங்கிக்கொண்டு, "நான் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கே சுழியா?" என்று குதித்தார். "நாற்காலி வேணும்னா எடுத்துக்கோங்க. சுழி இங்கதான் இருக்கும்" என்றார் சேச்சி. செக்ரட்டரி எடுக்கவில்லை, வேறு யார் கிடைப்பார்கள்?

என்னிடம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருப்பார். கிளப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ் வீட்டில் பிறந்தவர்கள். அவர் அப்பா துப்புரவு வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். என் தாத்தா மூட்டை தூக்க வந்தவர். போட்டி முடிந்ததும் வெளியே கல்லில் உட்கார்ந்து, சுக்குத் தூசியைச் சேலையிலிருந்து தட்டிக்கொண்டே என்னிடம் தமிழ் பேசுவார். "இவங்ககிட்ட நாள் முழுக்க மலையாளம் பேசி வாய் வலிக்குது தம்பி. நீ ஏதாச்சும் பேசு" என்பார். எனக்குப் பேச அப்போது ஒரே விஷயம்தான். முப்பத்திரண்டு வயது, பம்ப் ஹவுஸில் தற்காலிக வேலை, எப்போது வேண்டுமானாலும் நாளை வராதே என்று சொல்லிவிடலாம். மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் இருந்தால் நிரந்தரம் செய்யும்போது கொஞ்சம் மார்க் கூடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் என் காதில் ஓதியிருந்தான். கிளப்பிலிருந்து ஒருவர்தான் மாநிலத்துக்குப் போகலாம். "போவே தம்பி. உன் கை அனங்காது" என்பார் சேச்சி. கை அசையாது என்று அர்த்தம்.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தமிழ் கிடையாது, என்னைத் தெரியவும் தெரியாது. விழுந்தால் "வீணு", இல்லாவிட்டால் "இல்லா". மலையாளத்தில் வீணு என்றால் விழுந்தது. தேனியிலிருந்து என் மச்சான் ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்தவர், அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க மாப்ள, அந்தம்மா வீணு வீணுங்குது, நீங்கள்லாம் கையத் தட்டுறீங்க?" என்று கேட்டார். அதைச் சேச்சியிடம் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார்.

மாநிலத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் நானும் கலூர்க்காரரும் சமமாக முடித்தோம். அப்படியானால் ஐந்து கடா, ஆளுக்கு ஐந்து குண்டு. அவர் முதலில் சுட்டார், நாலு விழுந்தது. நான் கிளப்பின் பொதுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு முதல் நாலையும் வீழ்த்திவிட்டேன். ஐந்தாவது விழுந்தால் நான் போகிறேன். விழாவிட்டால் தோல்வி இல்லை, இன்னும் ஒரு சுற்று. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருக்கிறேன்.

குண்டு கடாவின் தலைப்பக்கம் பட்டது. ஆடியது, திரும்பியது, விளிம்பைக் காட்டி நின்றது. சுட்ட பிறகும் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது பழக்கம், நான் எடுக்கவில்லை. ஒரு கோடு மாதிரி அது நிற்பதைப் பார்த்தேன். தூரக்கண்ணாடி வழியாகச் சேச்சியும் பார்த்தார். வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

"அய்யோ, வீணு!" என்றார் சேச்சி.

அது மலையாளம் இல்லை. அந்த 'அய்யோ' வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரே ஒருமுறை ஒருவன் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். அது நழுவியதும் அவர் வாயில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

தபால்காரர் பெருக்கல் குறி போட்டார். எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் கத்திக்கொண்டு பலகைத் தரை அதிர ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த அதிர்வில் கடா விழுந்துவிட்டது.

சேச்சி எழுந்து நின்றார். "வீணில்லா. அது நின்னதாணு. இவங்க ஓடினப்பதான் வீணது" என்றார்.

"சேச்சியல்லே வீணுன்னு விளிச்சது?" என்றார் செக்ரட்டரி. கலூர்க்காரர் போவதை அவர் விரும்பவில்லை.

"அது தமிழில சொன்னது. வீணாப் போச்சேன்னு சொன்னது."

எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் மலையாளத்தில் விளித்துவிட்டு இன்றைக்கு மாத்திரம் தமிழா என்று ஒருவர் கேட்டார். விளிச்சது விளிச்சதுதானே சேச்சி என்று இன்னொருவர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அவரோடு வாராவாரம் மல்லுக்கட்டிய கலூர்க்காரர் ஒருவர்தான் அப்போது சிரிக்கவில்லை. சேச்சி நின்றது என்று சொன்னால் நின்றதுதான், இன்னொரு சுற்று வைத்தால் போயிற்று என்றார். உனக்கு அதுதானே வேண்டும் என்று அவர் வாயை அடைத்தார்கள்.

சேச்சி என் பக்கம் திரும்பினார். எல்லார் முன்னாலும், தமிழில் கேட்டார். "தம்பி, நீ சொல்லு. உன் கண்ணு ஸ்கோப்புலதான இருந்துச்சு. நின்னுதா, விழுந்துதா?"

நின்றது என்று சொல்லியிருந்தால் இன்னொரு சுற்று சுட்டிருப்பேன். என் கையை நான் நம்பவில்லை, அவ்வளவுதான். பசி, வேலை, குடும்பம் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே நிறையச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடத்தில் அவை எதுவும் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

"விழுந்துச்சு சேச்சி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறாயே என்று பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் தெத்திப்போச்சு" என்றார். தப்பு தன்னுடையது என்றார். உட்கார்ந்து தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தபால்காரரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

மாநிலப் போட்டியில் நான் எங்கோ கீழே முடித்தேன். சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இதற்கெல்லாம் இங்கே மார்க் கிடையாதே என்று ஆபீஸில் அனுதாபத்தோடு சொன்னார்கள். அடுத்த மழைக்காலத்தில் பம்ப் ஹவுஸ் வேலையும் போயிற்று. இப்போது போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வர வேண்டியது வந்தது, அதில் புலம்ப ஒன்றுமில்லை.

சேச்சி அந்த ஞாயிறுக்குப் பிறகு நாற்காலிக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள், நானும் அப்படியே நினைக்கப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து அவர் தங்கை பஜாரில் என்னைப் பிடித்தாள். அக்காவுக்குக் கண் போய்விட்டதாம். வரிசைக் கடைசியில் உட்காரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். இப்போது முற்றம் கூட்டுகிறாராம்.

"ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போனேன். டாக்டரு ரெண்டு கண்ணையும் நோக்கிட்டு ஒரு கொழப்பமும் இல்ல, இந்த வயசுல இப்படிக் கண்ணு அபூர்வம்னாரு. அக்கா கேக்க வேண்டாமா? டாக்டருக்கு என்ன, நாலு பேர நோக்கணும், சும்மா சொல்லுவாரு, அந்தத் தம்பி பொய் சொல்லமாட்டான்னு சொல்றா. நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?"

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுவும் பொய். ஒன்று சொன்னவனுக்கு இரண்டாவது சொல்ல எவ்வளவு நேரமாகும்?

எதையும் ஒரே தடவை பார்த்துச் சொன்னவர் இப்போது எல்லாவற்றையும் மூன்று தடவை பார்ப்பதை நானே கண்டேன். கடையில் எதையாவது எடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, நல்லதுதானே என்பார். ரோட்டோரக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். அதைப் போட்டபின் உண்மையிலேயே சரியாகத் தெரியாமல் ஒருமுறை ஆட்டோவில் இடித்துக்கொண்டாராம்.

போன மாதம் போர்ட் கொச்சிப் படகுத்துறையில் நின்றிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார். இந்தக் கண்ணாடியோடு எப்படி என்னைக் கண்டுபிடித்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

"தம்பி, இது எறணாகுளம் போற போட்டா, வைப்பின் போறதா?"

எதிரே ஆள் உயரத்துக்கு மலையாளத்தில் எழுதியிருந்தது. "எறணாகுளம்தான் சேச்சி. போர்டு பெருசா இருக்கே, பாருங்க" என்றேன்.

"நான் பாத்தா என்ன ஆகப்போகுது? நீ சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு, போர்டைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார்.

எனக்கு எறணாகுளத்தில் வேலை எதுவும் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தன் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அன்று நான் உண்மையைச் சொன்னதால்தான் தனக்குத் தெரிந்தது, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேருக்கு அநியாயமாகச் சுழி போட்டிருப்பேனோ என்றார். பூனையைக்கூட விட்டுவைக்கவில்லை, உண்மையில் அது எத்தனை கோழியைத் தட்டியதோ என்றார். கரை வந்தது, இறங்கிப் போய்விட்டார். நான் அதே படகில் திரும்பி வந்தேன்.

அன்று சொல்லாததைத்தான் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். சேச்சிக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கும் மலையாளத்தில் எழுதுவதுதான் சுலபம்.